ஒரு படி தவிடும் பதினோரு நோட்டும்: கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பத்து வருஷம் காத்திருந்து ஐவிஎஃப் மாதிரி சிகிச்சைல பெத்த பையனை பயந்து பயந்து வளத்த ஒரு குடும்பத்தைப் பத்தினது இது. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்தக் குடும்பத்தோட ஊர் பேரை எழுதல, ஆள அடையாளம் காட்டுற மாதிரி இருந்த சில விவரங்களையும் மாத்திட்டேன். எழுதி முடிச்சதை அந்த அம்மாவும் அப்பாவும் உக்காந்து முழுசாப் படிச்சுட்டு "போடுங்க மேடம், எங்கள மாதிரி யாராச்சும் இருந்தா படிக்கட்டும்"னு சொன்னதுக்கு அப்புறம்தான் இது வெளிய வருது. நான் வத்தலக்குண்டுல இருக்கேன், வாரத்துல ஒரு நாள் காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டி மலை ஏறி கொடைக்கானல் வந்து குழந்தைங்களையும் பெத்தவங்களையும் பாக்கிற கவுன்சிலர். டாக்டர் இல்ல. பையனோட அப்பத்தா மட்டும் கடைசி வரைக்கும் டாக்டரம்மான்னுதான் கூப்பிட்டாங்க.

வந்த காரணம்

2024 ஜூலைல ஒரு குழந்தைங்க டாக்டர் சீட்டு எழுதி அனுப்பியிருந்தாரு. பையனுக்கு அடுத்த மாசம் ஆறு வயசு முடியுது, ஒண்ணாங்கிளாஸ். ஒரே வருஷத்துல 19 தடவை காட்ட வந்திருக்காங்க, ரத்தம், யூரின், எக்ஸ்ரே, எக்கோ எல்லாம் நார்மல், "பையனை விட அம்மாவைப் பாக்கணும்"னு கடைசி வரி. அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கல, இப்பவும் பிடிக்கல. அம்மா மேல என்னமோ கோளாறுன்னு முடிவு பண்ணிட்டு அனுப்புற மாதிரி இருக்கு அது.

ஸ்கூல்ல மிஸ் சொன்னது வேற மாதிரி. பையன் படிக்கிறான், சேட்டை கிடையாது, ஆனா இன்டர்வல்ல எல்லாரும் ஓடும்போது இவன் தூணை ஒட்டி நிக்கிறான், சறுக்குமரம் பக்கம் போறதே இல்ல, எதைத் தொட்டாலும் "மிஸ் தொடலாமா"ன்னு கேக்கிறான், அப்பப்ப புறங்கையால தன்னோட நெத்தியைத் தானே தொட்டுப் பாத்துக்கிறான். அம்மா மேல்மலைல இருந்து ஒரு மணி நேரம் பஸ்ல அவன்கூடவே வந்து, ஸ்கூலுக்கு எதிர்த்தாப்ல டீக்கடை பெஞ்சுல ஒம்பது மணில இருந்து மூணரை வரைக்கும் உக்காந்திருக்காங்க. மழைன்னாலும் மஞ்சுன்னாலும். டீக்கடைக்காரர் அவங்களுக்குன்னு ஒரு சாக்கு மடிச்சுப் போட்டு வெச்சிருக்காரு.

முதல் நாள் பையனைத் தனியா உக்கார வெச்சு பொம்மை எல்லாம் எடுத்துப் போட்டேன். கார் இருந்துச்சு, பந்து இருந்துச்சு, அவன் டாக்டர் செட்டை எடுத்தான். பிளாஸ்டிக் தெர்மாமீட்டரை கரடி பொம்மையோட கக்கத்துல வெச்சு, கையை மடக்கிப் பிடிச்சு, சுவத்துல இருந்த கடிகாரத்தையே பாத்துக்கிட்டு அசையாம உக்காந்திருந்தான். ஒரு நிமிஷம் ஆச்சு. எடுத்துப் பாத்துட்டு "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு, அம்மாகிட்ட சொல்லணும்"னான். சரி இப்ப கரடி விளையாடப் போகலாமான்னு கேட்டேன். "அம்மா எழுதுன அப்புறம்தான்"னு சொன்னான்.

எழுதுறதுன்னா என்னன்னு அம்மாகிட்ட கேட்டேன். பையில இருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக் கொடுத்தாங்க. கோடு போட்டு கட்டம் பிரிச்சிருக்கு. மணி, சூடு, சாப்பிட்டது, தண்ணி, ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, தூக்கம், குறிப்பு. ஒரு நாளைக்கு ஆறு தடவை சூடு பாத்திருக்காங்க. அட்டையில 11னு எழுதியிருந்துச்சு. இது பதினோராவது நோட்டு. மீதி பத்தும் வீட்டுல பீரோல பத்திரமா இருக்காம். முதல் நோட்டை அடுத்த வாரம் எடுத்துட்டு வரச் சொன்னேன், அதுல முதல் பக்கம் பையன் பொறந்த நாள் இல்ல. பொறக்கிறதுக்கு மூணரை வருஷம் முன்னாடி, 2015 பிப்ரவரில, குழந்தைக்காக எடுத்த சிகிச்சைல முதல் ஹார்மோன் ஊசி போட்ட நேரம். இந்த கேஸோட முடிச்சு அங்கதான் இருக்குன்னு எனக்கு அப்பவே தோணுச்சு.

பத்து வருஷம்

கல்யாணம் 2008. ரெண்டு ஏக்கர்ல பூண்டு, கொஞ்சம் கேரட், பீன்ஸ். முதல் ரெண்டு வருஷம் யாரும் ஒண்ணும் கேக்கல, அதுக்கப்புறம் கேக்காத ஆளே கிடையாது. பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில்ல வேண்டுதல், பழனிக்கு பாத யாத்திரை, நாட்டு மருந்து, அப்புறம் திண்டுக்கல்ல டாக்டர். எல்லா டெஸ்டும் முதல்ல அந்த அம்மாவுக்குத்தான். நாலு வருஷம் கழிச்சு, 2012ல தான் அவரையும் டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க, பிரச்சனை அவருக்குத்தான்னு தெரிஞ்சுது, விந்தணு எண்ணிக்கை ரொம்பக் கம்மி. இந்த விஷயம் ரெண்டு பேர்கூட நின்னுடுச்சு. ஊருக்குத் தெரிஞ்சது அவளுக்குப் புள்ளை இல்லைங்கிறது மட்டும்தான். நாத்தனார் வளைகாப்புல எல்லாரையும் கூப்பிட்டு வளையல் போடச் சொன்னாங்களாம், இவங்க தட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது இவங்க கையைத் தாண்டி அடுத்த ஆளுக்கு வளையல் போச்சாம். பன்னெண்டு வருஷம் கழிச்சு எங்கிட்ட சொல்லும்போதும் கையை நீட்டியே காட்டினாங்க.

மூணு தடவை ஐயூஐ, அதாவது விந்தணுவை நேரா கருப்பைக்குள்ள செலுத்துறது, ஒண்ணும் நிக்கல. அப்புறம் மதுரைல இக்ஸி. தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ஐவிஎஃப்ல கருமுட்டையையும் விந்தணுவையும் வெளிய லேப்ல சேர விடுவாங்க, அணு எண்ணிக்கை ரொம்பக் கம்மியா இருந்தா ஒரே ஒரு அணுவை மெல்லிய ஊசில எடுத்து நேரா முட்டைக்குள்ளயே விட்டுடுவாங்க, அதுதான் இக்ஸி, 1992ல பெல்ஜியத்துல ஜெயிச்ச முறை. அதுவரைக்கும் இவரை மாதிரி ஆளுங்களுக்கு வழியே குறைவு.

இந்த சிகிச்சை ஒரு பொம்பளை உடம்புல எப்படி நடக்குதுன்னு சொன்னாத்தான் பின்னாடி சொல்லப்போறது புரியும். பத்துப் பன்னெண்டு நாள் தினமும் வயித்துல ஊசி, முட்டைப் பை எவ்வளவு வளந்திருக்குன்னு பாக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஃபாலிக்கிள் ஸ்கேன், மேல்மலைல இருந்து தினம் மதுரை போக முடியாதுன்னு ஆஸ்பத்திரி பக்கத்துல ரூம் எடுத்துத் தங்குனாங்க. முட்டை வளந்ததும் அதை முழுசா முதிர வைக்க ஒரு ட்ரிகர் ஊசி. அதைச் சொன்ன நேரத்துக்கு போட்டே ஆகணும், ஏன்னா அதுல இருந்து கிட்டத்தட்ட 36 மணி நேரத்துல முட்டையை எடுக்கணும், நேரம் தவறினா முட்டைப் பை தானா வெடிச்சு முட்டை வெளிய போயிடும். இவங்களுக்குச் சொன்னது ராத்திரி பத்தரை. ரூம்ல கடிகாரம் சரியா ஓடுதான்னு சந்தேகம் வந்து, அவரு கீழ இறங்கிப் போய் மெடிக்கல் ஷாப்ல மணி கேட்டுட்டு வந்திருக்காரு. அதுக்கப்புறம் கரு வெச்சு, பதினாலு நாள் எண்ணிக்கிட்டு காத்திருந்து, ரத்தம் கொடுத்து, கரு தங்கிச்சான்னு காட்டுற ஒரு நம்பர் வரும். அந்த நம்பர்தான் வாழ்க்கை.

2015ல நம்பர் வரல. 2017 ஆரம்பத்துல மறுபடி. நம்பர் வந்துச்சு, ஆறாவது வாரம் துடிப்பு பாத்தாங்க, எட்டாவது வாரம் ஸ்கேன்ல துடிப்பு இல்ல. அந்த மாசமே அரை ஏக்கர் போச்சு. மிச்சம் நாலு கரு உறைய வெச்சிருந்தாங்க, அதுல ரெண்டை எடுத்து 2017 நவம்பர்ல வெச்சாங்க, ஒண்ணு தங்குச்சு. 2018 ஆகஸ்ட்ல பையன். மலை எல்லாம் குறிஞ்சி பூத்திருந்த வருஷம், பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிறது, அதனால வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் அதையே சொல்லிச் சொல்லி வாழ்த்துனாங்களாம். மொத்தச் செலவு ஆறு லட்சத்துக்கு மேல. இந்தக் கணக்கை அவரு எங்கயும் எழுதி வைக்கல, ஆனா கேட்டா ரூபா சுத்தமாச் சொல்றாரு.

யாருக்கும் சொல்லாதது

அஞ்சாவது தடவை வந்தப்பதான் அந்த அம்மா இதைச் சொன்னாங்க. வயித்துல இருந்த ஒம்பது மாசமும் அவங்க அந்தக் குழந்தையோட ஒரு வார்த்தை பேசல. வயித்துல கை வைக்கல. துணி வாங்கல, தொட்டில் எடுக்கல, வளைகாப்பு வேணாம்னு அடம் பிடிச்சு ஒம்பதாவது மாசம் சும்மா அஞ்சு பேரைக் கூப்பிட்டுச் செஞ்சாங்க. போன தடவை எட்டு வாரத்துல போன குழந்தையோட அவங்க ரெண்டு வாரம் பேசிக்கிட்டே இருந்தாங்களாம், அதான் கண்ணு பட்டுப்போச்சுன்னு மனசுல விழுந்துடுச்சு. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் போகும்போது இந்தத் தடவை துடிப்பு இருக்காதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் போவாங்க.

சிசேரியன் முடிஞ்சு புள்ளையை நெஞ்சு மேல வெச்சாங்க. ஒண்ணுமே தோணல. "யாரோ புள்ளையை ரெண்டு நிமிஷம் பாத்துக்கச் சொல்லிக் கொடுத்துட்டுப் போன மாதிரி இருந்துச்சு மேடம்." ரெண்டு மூணு நாள் அப்படியே இருந்திருக்கு. நெஞ்சை மூடி வெச்சுக்கிட்டே ஒம்பது மாசம் இருந்தவங்களுக்கு ஒரே நிமிஷத்துல திறன்னா எப்படித் திறக்கும். கவலையோட கர்ப்பத்தைக் கடந்த நிறைய தாய்மாருக்கு இது நடக்கும், சுலபமாக் கருத்தரிச்சவங்களுக்கே நடக்கும், நாள் போகப் போக சரியாயிடும். ஆனா அதை அவங்களுக்குச் சொல்ல அங்க ஆள் இல்ல. 2021ல வந்த செயற்கைக் கருத்தரிப்பு முறைகளுக்கான சட்டம், க்ளினிக்ல தம்பதிக்கு கவுன்சிலிங் கொடுக்கணும்னு சொல்லுது, நல்ல விஷயம். ஆனா அது சிகிச்சையோட விளைவு என்ன, ஜெயிக்கிற வாய்ப்பு எவ்வளவுங்கிறதுக்கானது. கையில புள்ளையைக் கொடுத்த அப்புறம் நீ எப்படி இருக்கேன்னு கேட்டு ஃபோன் பண்ண யாரும் இல்ல.

பத்து வருஷம் கேட்டு வாங்கின புள்ளையைப் பாத்து ஒண்ணுமே தோணலைன்னா நான் என்ன பொம்பளைன்னு அவங்க அன்னைக்கே தனக்குத் தானே தீர்ப்பு சொல்லிக்கிட்டாங்க. அந்த மூணு நாளுக்கு ஆறு வருஷமா வட்டி கட்டிக்கிட்டு இருந்தாங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

அப்புறம் கஜா. 2018 நவம்பர் 16. புயல் கரை கடந்தது நாகப்பட்டினம் பக்கம், ஆனா இங்க மலைல விழுந்த மரத்துக்கு கணக்கில்ல, கரண்ட் இல்ல, ரோடு அடைபட்டுப் போச்சு. மூணு மாசக் குழந்தைக்கு அன்னைக்கு ராத்திரி காய்ச்சல். ஃபோன்ல சிக்னல் கிடையாது, டார்ச் வெளிச்சத்துல தெர்மாமீட்டரைப் பாத்துப் பாத்து நோட்டுல எழுதியிருக்காங்க, அந்தப் பக்கத்தை நான் பாத்தேன், பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை நம்பர், எழுத்தெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கு. ரெண்டாம் நாள் ஊர்க்காரங்க வாள் எடுத்துட்டுப் போய் மரத்தை அறுத்து ஜீப்புக்கு வழி பண்றதுக்குள்ள காய்ச்சல் தானா இறங்கிடுச்சு. மூணு மாசக் குழந்தைக்குக் காய்ச்சல்னா எந்த டாக்டரும் லேசா எடுத்துக்க மாட்டாங்க, அது நியாயமான பயம்தான். ஆனா அந்த ராத்திரி முடியவே இல்ல. அதுக்குப் பின்னாடி வந்த கொரோனா காலம் வேற அதுக்கு உரம் போட்டுச்சு.

ஆராய்ச்சி என்ன சொல்லுது, நான் என்ன நினைக்கிறேன்

சிகிச்சைல பொறந்த குழந்தைங்களை வளக்கிற பெத்தவங்களைப் பத்தி ரொம்ப காலமா ஆய்வு பண்ணினவங்க இங்கிலாந்துல சூசன் கோலம்பொக். 1978ல ஐவிஎஃப்ல உலகத்துலயே முதல் குழந்தையா லூயிஸ் பிரவுன் பொறந்தப்ப, இப்படிப் பொறக்கிற பசங்களுக்கும் பெத்தவங்களுக்கும் ஒட்டுதல் வருமான்னு நிறைய பேருக்கு சந்தேகம் இருந்துச்சு. 1995ல இவங்க குழு வெளியிட்ட ஆய்வுல 4 வயசுல இருந்து 8 வயசு வரைக்குமான பசங்க இருக்கிற குடும்பங்களைப் பாத்தாங்க. சிகிச்சை எடுத்த அம்மாக்கள் பாசத்துலயும் ஈடுபாட்டுலயும் மத்தவங்களை விட ஒரு படி மேலதான் இருந்தாங்க, பசங்களும் நல்லா இருந்தாங்க. அடுத்து இத்தாலி, ஸ்பெயின், நெதர்லாந்துன்னு விரிச்சப்பவும் கிட்டத்தட்ட அதேதான். பசங்க 12 வயசு தொட்ட அப்புறம் மறுபடி பாத்து 2002ல எழுதுனப்பவும் பெரும்பாலும் நல்ல செய்திதான், ஒரு சின்ன எண்ணிக்கைல மட்டும் பெத்தவங்களோட ஈடுபாடு அளவு மீறிப் போகுதுன்னு குறிச்சிருந்தாங்க. அதனால இதைப் படிச்சுட்டு யாரும் ஐவிஎஃப் பண்ணினா இப்படித்தான் ஆகும்னு நினைக்க வேணாம், ஆகாது. நான் எழுதுறது அந்தச் சின்ன எண்ணிக்கைல ஒரு வீட்டைப் பத்தி.

1964ல கிரீன், சோல்னிட்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க எழுதினது இன்னொண்ணு. பெரிய நோய்ல இருந்து பொழைச்சு வந்த குழந்தையை, அது நல்லா ஆன பின்னாடியும் பெத்தவங்க எப்ப வேணா போயிடும்ங்கிற கண்ணாலயே பாக்கிறாங்க, குழந்தையும் தன் உடம்பை அதே கண்ணால பாக்கக் கத்துக்குது, பிரிய முடியாம, தூங்க முடியாம, சும்மா சும்மா டாக்டர்கிட்ட ஓடிக்கிட்டே இருக்கும்னு. நம்ம பையன் நெத்தியைத் தொட்டுப் பாக்கிறது அப்படியே அதுதான். ஒரே வித்தியாசம், இங்க இழப்பு பயம் பையன் பொறக்கிறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு, கருவா இருக்கும்போதே.

பாசம் கூடிப்போச்சு, அதான் பிரச்சனைன்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொன்னாங்க. கறிவேப்பிலைக் கொழுந்து மாதிரி ஒத்தைப் புள்ளை, அப்படித்தான் இருக்கும்னாங்க. நான் அதை ஒத்துக்கல. பாசம் எந்த வீட்டுலயும் கூடிப்போறதால புள்ளை கெடறதில்ல. இந்த வீட்டுல நடந்தது வேற. சிகிச்சை அவங்களுக்கு மூணு விஷயத்தைக் கத்துக் கொடுத்துச்சு, நேரம் தவறக்கூடாது, நம்பர் சொல்றதுக்கு முன்னாடி சந்தோஷப்படக் கூடாது, உடம்புல எது நடந்தாலும் அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. ஊசி போடற காலத்துல இது மூணுமே சரி, தேவை. புள்ளை கைக்கு வந்த பின்னாடியும் அது நிக்கல, நிறுத்துன்னு யாரும் சொல்லல, நோட்டு மட்டும் மாறி மாறி ஓடுச்சு. கூடவே ஒண்ணைப் பறிச்சுக்கிச்சு. சாதாரண அம்மாவா இருக்கிற உரிமையை. பக்கத்து வீட்டுக்காரி "இந்தச் சனியனை வெச்சுக்கிட்டு என்ன பண்றது"ன்னு வாய் விட்டுத் திட்டிட்டு அடுத்த நிமிஷம் சோறு ஊட்டுவா. இவங்க ஒரு தடவை ராத்திரி தூக்கமில்லாம "அலுப்பா இருக்கு"ன்னு சொன்னதுக்கு "தவமிருந்து பெத்துட்டு அலுத்துக்கலாமா"ன்னு அம்மாச்சி கேட்டாங்களாம். அதோட வாயை மூடினவங்கதான்.

அப்பா

அப்பா மூணாவது தடவைதான் வந்தாரு, வந்தும் வாசல் பக்கத்து நாற்காலில உக்காந்தாரு. பையனை அவரு ஒரு தடவை கூட அதட்டினதில்ல. கடைக்குப் போகணும்னாலும் அம்மாவைக் கேட்டுட்டுத்தான் கூட்டிட்டுப் போவாரு, ஸ்வெட்டர் போடவா வேணாமாங்கிறதுக்குக் கூட அவங்க முகத்தைத்தான் பாப்பாரு. ஏன்னு கேட்டதுக்கு ரொம்ப நேரம் தரையையே பாத்துட்டு, "ஊசி எல்லாம் அவதான் போட்டுக்கிட்டா. வலி அவளுக்கு, பேச்சு வாங்குனதும் அவ. நான் என்ன பண்ணேன் மேடம், பை தூக்கிட்டுப் போனேன், காசு கொடுத்தேன். குறையும் எங்கிட்ட. அவனை அதட்ட எனக்கு என்ன பாத்தியதை இருக்கு"ன்னாரு.

பாத்தியதைன்னு அவரு சொன்ன வார்த்தையை நான் அப்படியே குறிச்சு வெச்சேன். சிகிச்சைல ஆம்பளைக்குக் கொடுக்கிற வேலை எடுபிடி வேலைதான், ஊசியை ஐஸ்ல வெச்சுக் கொண்டு வர்றது, டோக்கன் போடறது, கையெழுத்து. அவரு அந்த எடுபிடியாவே அப்பாவாகவும் ஆயிட்டாரு. ரெண்டு பேர்ல ஒருத்தர் பிடியை விடவே மாட்டேங்கிறாங்க, இன்னொருத்தர் பிடிக்கவே பயப்படறாரு, நடுவுல பையன். நிறைய பேர் அம்மாவை மட்டும் பாத்துட்டு இதைக் கவனிக்கறதில்ல, அந்த டாக்டர் சீட்டு உட்பட.

தவிடு

அப்பத்தாவைப் பாக்கத்தான் நான் மேல்மலைக்குப் போனேன். பூண்டு எடுத்து கட்டுக் கட்டா பரண்ல தொங்குது, கீழ விறகடுப்பு, வீடு பூரா புகையும் பூண்டு வாசமும். அவங்களுக்கு மருமக மேல ஒரே ஒரு மனத்தாங்கல்தான். பொறந்தப்பவே புள்ளையைத் தவிட்டுக்கு வித்து வாங்கியிருக்கணும், விடமாட்டேன்னுட்டா.

நம்ம பக்கம் தெரிஞ்ச வழக்கம்தான். பொறந்து பொறந்து தவறிப் போன வீட்டுல, இல்ல ரொம்ப நாள் கழிச்சுப் பொறந்த வீட்டுல, குழந்தையை இன்னொருத்தர் கையில கொடுத்து, ஒரு படி தவிட்டுக்கு வித்ததா பாவிச்சு, திரும்ப வாங்குவாங்க. இல்ல பிச்சை, குப்பைன்னு பேர் வைப்பாங்க. இது ஒண்ணும் விலை மதிக்க முடியாத பொருள் இல்லப்பா, தவிட்டுக்கு வாங்கினதுன்னு கண்ணு போடறவங்களுக்குச் சொல்ற மாதிரி. நான் ரொம்ப நாள் இதை வெறும் கண்ணேறு கழிக்கிறதாத்தான் நினைச்சிருந்தேன். அந்த அடுப்படில உக்காந்திருக்கும்போதுதான் வேற மாதிரி தெரிஞ்சுது. இது வெளியாளுக்காக மட்டும் இல்ல, பெத்தவளுக்காகவும். ஒரு நிமிஷமாவது புள்ளையை அடுத்தவங்க கையில விட்டுட்டு சும்மா நிக்கணும். வித்த அந்த ஒரு நிமிஷத்துல புள்ளைக்கு ஒண்ணும் ஆகலைங்கிறதை அவ கண்ணால பாக்கணும். நாங்க மாசக்கணக்குல பண்ண முயற்சி பண்றதை ஒரு படி தவிட்டுல முடிச்சிருக்காங்க.

அம்மா அன்னைக்கு சொன்ன பதில் என்னன்னு அவங்ககிட்டயே கேட்டேன். "ஆறு லட்சத்துக்கு வாங்கின புள்ளையை ஒரு படி தவிட்டுக்கு விக்கச் சொல்றீங்களான்னு கேட்டேன் மேடம்"னாங்க. சொல்லிட்டு அவங்களே அதிர்ந்து போய் நிறுத்திட்டாங்க.

என்ன செஞ்சோம்

பையனோட மனநிலை, நடத்தையைப் பத்தி எஸ்டிக்யூங்கிற 25 கேள்வி இருக்கிற தாளை அம்மாகிட்டயும் மிஸ்கிட்டயும் கொடுத்ததுல உணர்ச்சிப் பிரச்சனைக்கான பகுதில அம்மா கொடுத்த மதிப்பெண் 10க்கு 8, மிஸ் கொடுத்தது 5. அம்மா தாள்படி தெளிவா அதிகம், மிஸ் தாள்படி எல்லைக்கோட்டுல. பிரிவுப் பதட்டம் இருக்கு, வேற வளர்ச்சிக் குறை எதுவும் இல்ல. அதனால பையனோட கொஞ்சமும் பெத்தவங்களோட நிறையவும் வேலை செய்யறதுன்னு முடிவு.

நோட்டை நிறுத்தச் சொல்லல. நிறுத்தச் சொல்லியிருந்தா வந்திருக்கவே மாட்டாங்க. ஆறு தடவை சூடு பாக்கிறதை ரெண்டாக்கினோம், அப்புறம் யாராச்சும் இன்னொருத்தர் புள்ளை வாடின மாதிரி இருக்கான்னு சொன்னா மட்டும். ஒவ்வொரு தடவை வரும்போதும் நான் முதல்ல ஒரே கேள்வி கேப்பேன், இந்த வாரம் அவன் மேல எப்ப எரிச்சல் வந்துச்சு. மூணு வாரம் பதிலே இல்ல. நாலாவது வாரம், "சோத்தை வாய்ல வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் அப்படியே உக்காந்திருக்கான் மேடம், எனக்கு அப்படியே வந்துச்சு பாருங்க"ன்னு ஆரம்பிச்சுட்டு, சட்டுன்னு ரெண்டு விரலால வாய்ல அடிச்சுக்கிட்டாங்க. நான் அவங்க கையைப் பிடிச்சு கீழ வெச்சேன். மிச்சத்தையும் சொல்லுங்கன்னேன். அன்னைக்கு நாப்பது நிமிஷம் சொன்னாங்க.

சனிக்கிழமை பையன் அப்பாவோட காட்டுக்குப் போகணும், அங்க எல்லாம் அப்பா முடிவுதான்னு ஒரு ஏற்பாடு. முதல் சனிக்கிழமை பையன் வாய்க்கால்ல வழுக்கி முட்டில தோல் உரிஞ்சுது. அவரு ஃபோனை எடுத்தாரு, உள்ள வெச்சாரு, தண்ணில கழுவி விட்டுட்டு கேரட் ஒண்ணைப் பிடுங்கி அலசிக் கையில கொடுத்தாரு. அம்மா மூணு தடவை வரப்பு வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்காங்க. அவரு பாத்தும் பாக்காத மாதிரி இருந்திருக்காரு. அதைச் சொல்லும்போது அவரு முதல் தடவையா நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

ஒரு தப்பு எங்கிட்ட. அக்டோபர் கடைசில நல்லாப் போகுதேன்னு டீக்கடை பெஞ்சையும் விட்டுடச் சொல்லிட்டேன், பஸ் ஸ்டாப்போட நின்னுடுங்கன்னு. மழைக்காலம், அடுத்தது கஜா வந்த மாசம், அதை நான் யோசிச்சிருக்கணும். நவம்பர் ரெண்டாவது வாரம் பையனுக்கு நிஜமாவே வைரல் காய்ச்சல். மணிக்கு ஒரு தடவை சூடு, பன்னெண்டாவது நோட்டு, மூணு வாரம் ஸ்கூல் இல்ல. "நீங்க சொன்னீங்கன்னு விட்டேன் மேடம்"னு அவங்க கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல, மன்னிப்புதான் கேட்டேன். டிசம்பர்ல பெஞ்சுல இருந்தே மறுபடி ஆரம்பிச்சோம்.

அந்த டிசம்பர்லதான் அவரு அவங்கம்மாகிட்ட உண்மையைச் சொன்னாரு, குறை தன்கிட்டன்னு. நான் சொல்லச் சொல்லல, அவரா சொன்னது. அப்பத்தா ராத்திரி பூரா பேசலையாம். காலைல மருமக பக்கத்துல போய் உக்காந்து "பத்து வருஷமா என் வாய்ல விழுந்தியேத்தா"ன்னு மட்டும் சொல்லியிருக்காங்க. அடுத்த வாரத்துல இருந்து செவ்வாயும் வெள்ளியும் அப்பத்தாதான் பையனோட பஸ்ல வர்றாங்க.

பையனுக்கு அவன் கதையைச் சொல்றதா வேணாமான்னு அம்மாவுக்குக் குழப்பம். ஆனா ஃபைல்ல க்ளினிக் கொடுத்த அஞ்சாம் நாள் கருவோட போட்டோவை அவன் ஏற்கனவே பாத்துட்டான், இது என்ன முட்டைக் கொப்புளம்னு கேட்டிருக்கான். நீதான்டான்னு சொல்லிட்டாங்க. "அப்ப என் கண்ணு எங்க"ன்னு கேட்டானாம். அப்புறம் வளந்துச்சுன்னு சொன்னதும் சரின்னு போயிட்டான். அவ்வளவுதான் நடந்துச்சு, அதுக்கா ஆறு வருஷம் பயந்தோம்னு அம்மா எங்கிட்ட கேட்டாங்க.

இப்ப

2025 பிப்ரவரில கடைசியாப் பாத்தேன். எஸ்டிக்யூல அம்மா கொடுத்தது 5, மிஸ் 3. சறுக்குமரத்துல ஏறுறான், இறங்கும்போது மட்டும் ஓரத்தைப் பிடிச்சுக்கிறான். ராத்திரி இன்னும் அம்மா பக்கத்துலதான் தூக்கம், அதை நான் தொடல, மேல்மலைக் குளிர்ல ஆறு வயசுப் புள்ளை அம்மா பக்கத்துல தூங்கினா யாருக்கு என்ன. நெத்தியைத் தொடறது குறைஞ்சிருக்கு, நிக்கல. பன்னெண்டாவது நோட்டுல சூடு கட்டம் நிறைய நாளைக்கு காலியா இருக்கு. பொங்கலுக்கு அம்மாவே அப்பத்தாகிட்ட இப்ப தவிட்டுக்குக் கொடுக்கலாமான்னு கேட்டாங்களாம். "பல்லு விழுந்த புள்ளையை யாருத்தா வாங்குவா"ன்னுட்டாங்களாம் அவங்க.

அன்னைக்கு வரும்போது மதுரை க்ளினிக்ல இருந்து வந்த மெசேஜையும் காட்டுனாங்க. மிச்சம் ரெண்டு கரு அங்க இன்னும் உறைஞ்சிருக்கு, வருஷா வருஷம் பணம் கட்டிக்கிட்டு வர்றாங்க. கொடைக்கானல்ல இருந்து கீழ பாக்கும்போதெல்லாம் கீழ இவனோட கூடப்பொறந்தவங்க ரெண்டு பேர் இருக்காங்கன்னு தோணுமாம், யார்கிட்டயும் சொன்னதில்லையாம், அவருகிட்டயும். அவரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. சட்டப்படி பத்து வருஷத்துக்கு மேல வெச்சிருக்க முடியாது, அதுக்கப்புறம் அப்படியே விட்டுடணும், இல்ல சம்மதம் கொடுத்தா ஆராய்ச்சிக்குப் போகும்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். 2017ல வெச்சது, அப்ப 2027. அம்மா விரல் விட்டு எண்ணுனாங்க. அவரு மெசேஜை வாங்கி ரெண்டு தடவை படிச்சுட்டு, "இந்த வருஷத்துக்குக் கட்டிடுவோம், பூண்டு எடுத்ததும் உக்காந்து பேசுவோம்"னாரு. சரின்னாங்க.